உன்னுடைய பழசும் நீ கேட்ட புதுசும்

எடியே,

இன்று காலை உன் பிக்கப்பின் கதவைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. வாடிய மல்லிகை, டீசல், நீ முழங்காலுக்குப் பூசுகிற தைலம். நீ போய் ஒரு வருஷமாக நான்தான் இதை ஓட்டுகிறேன், என்றாலும் உள்ளே இன்னும் உன் மணம்தான். இதைக் கொடுத்துவிட்டுப் புது மொடலை எடுப்பதா, இதையே வைத்துக்கொள்வதா என்று இன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டியிருந்தது. இரண்டையும் வைத்திருக்க ஏலாது. இதைக் கொடுத்தால்தான் அது வரும். முடிவு எடுக்கிறதெல்லாம் உன் வேலை. நான் பக்கத்தில் இருந்து குறை சொல்கிற ஆள்.

நாங்கள் இருவரும் கலியாணங்களுக்கு மணவறை போடத் தொடங்கியபோது எல்லாரும் வான் வாங்கச் சொன்னார்கள். உன் மனுசன்கூட, "வான் எண்டால் மழைக்கும் சாமான் நனையாது" என்றார். நீ என்ன செய்தாய்? பாலைவனத்தில் பாய்வதற்குச் செய்த பிக்கப் ஒன்றை, அரையாள் உயர ரயர்களோடு, லண்டனில், ஹரோவில் உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார்.

"எடி, இங்க பாலைவனம் எங்க கிடக்கு?" என்று கேட்டேன்.

"கவுன்சில் றோட்டில போட்டு வைச்சிருக்கிற திட்டியள் காணாதே? வானில சாமான்தான் ஏறும். இதில நானும் ஏறுவன்" என்றாய்.

ஏறினாய்தான். மற்றவர்கள் ஊர்ந்து கடக்கிற வேகத்தடைகளில் நாங்கள் தொட்டிலில் போவதுபோலப் போனோம். பின்னால் தார்ப்பாயின் கீழ் மணவறைத் தூண்களும் குத்துவிளக்குகளும். முன்னால் நீயும் நானும் எங்கள் சண்டையும்.

அந்தச் சண்டை புது மொடல் வந்தபோது பெரிசாகிவிட்டது. உன்னுடையது இரண்டு லீற்றர் டீசல். பார்வைக்கு மலை, மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் போகும். புதுசு மூன்று லீற்றர் பெற்றோல், ஆறு சிலிண்டர். "உதுக்கு உடம்புதான் பெரிசு, உயிர் காணாது" என்று உன் பிக்கப்பையே நீ பழித்தாய். நான் டீசலின் பக்கம். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊர் வரை போய்வந்தாலும் எண்ணெய் முள் பெரிதாய் இறங்காது, புதுசில் மாதிரித் திரையைத் தடவித் தடவிப் பழக வேண்டியதில்லை.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதையடி" என்றேன்.

"புருஷனுக்கு ஏத்தத்தில மூச்சு வாங்குது. அதுதான் யோசிக்கிறன்" என்றாய்.

வெம்பிளிப் பக்கம் புதுசை ஓட்டிப் பார்க்கப் போன நாள் நினைவிருக்கிறதா? கைபிடியை இறுக்கிப் பிடித்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு நான் பக்கத்தில். அகலத் தெருவுக்கு ஏறியதும் நீ மிதித்தாய். அது உறுமியது, நீ கத்தினாய். பள்ளிக்கூடப் பெட்டையைப்போலக் கத்தினாய். பின்சீற்றில் இருந்த விற்பனைக்காரர் வெருண்டே போனார். அங்கேயே கையெழுத்துப் போடுவாய் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றுக்கும் பயப்படாத நீ அன்றைக்கு மட்டும் நாள் பார்த்தாய். "மார்கழிக்குள்ள வாகனம் எடுக்கக்கூடாதடி. தை பிறக்கட்டும்."

தை பிறந்தது. நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ அதற்குள் போய்விட்டாய். உன்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்ததும் உன் மனுசன் பிக்கப்பின் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். "ரெண்டு பேரின்ர தொழில்தானே தங்கச்சி, நீங்கள் ஓடுங்கோ." ஓடினேன். தெரிந்தவர்கள் எல்லாரும், அவவின்ர ஞாபகமாய் வைச்சிருங்கோ, வித்துப்போடாதேங்கோ என்றார்கள். எனக்கும் அதுதான் நியாயமாய்ப் பட்டது.

போன கிழமை தூண் ஏற்ற உதவிக்கு வந்த அண்ணை, நான் இறங்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தார். "உதென்ன தங்கச்சி, முதுகுக்கு இவ்வளவு தலையணை?"

உள்ளதைச் சொன்னேன். நீ நெடுவல். கடைசியாய் நீ ஓட்டியபோது சீற் எவ்வளவு பின்னுக்கு இருந்ததோ அப்படியே இருக்கிறது. முதுகுக்குத் தலையணைகளை முட்டுக் கொடுத்து, நுனிக்காலால் மிதித்து ஒரு வருஷம் லண்டன் முழுக்க ஓட்டியிருக்கிறேன். ஒரு பொத்தானை அமத்தினால் சீற் முன்னுக்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? அமத்த மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணை ஒரு தலையணையைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது காணாதெண்டு உங்களோட சண்டை பிடிச்சவள் அவள். அவள் வேண்டாம் எண்டதை அவளுக்காக நீங்கள் ஏன் காவிக்கொண்டு திரியிறியள்?"

இன்றைக்கு வெம்பிளிக்குப் போனேன். அதே நிறம் இல்லை, ஆனால் அதே மொடல். ஏறி இருந்து சீற்றை முன்னுக்கு எடுத்தேன். பாதம் முழுதாய்ப் பதிந்தது. அகலத் தெருவில் மிதித்தேன். எடியே, நீ சொன்னதுதான் சரி. ஆயிரம் தரம் சரி. இத்தனை காலம் டீசலுக்கு வக்காலத்து வாங்கினேனே, என்ன விசரி நான்!

இதுவும் மார்கழிதான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உன்னுடையதைக் கொடுத்துவிட்டு அதைக் கொண்டுவருவேன். உன் மணம் போய்விடும், நான் அழுவேன், அதெல்லாம் தெரியும். ஆனால் ஆசைப்பட்ட ஒன்றுக்கு இனி நாள் பார்க்கமாட்டேன். நீ போனபிறகு எனக்குள் வந்து இருக்கிறது இந்த அவசரம். சனிக்கிழமை பார்க்கிங்கில் ஒரு கலியாணம். தூண்களை ஏற்றுவேன், திரையைத் தடவிப் பழகுவேன், எல்லாம் செய்வேன். சண்டைக்கு ஆளில்லாமல் அவ்வளவு தூரம் எப்படியடி ஓட்டுவது?