பயமில்லாத மெட்டு

இன்று காலை வகுப்பைத் திறந்ததும் உன் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். அதன் மெத்தையில் இன்னும் நீலகிரித் தைலம் மணக்கிறது. மழைக்காலம் முழுக்க நீ மூக்கடைப்போடு பாடம் எடுத்த மணம். சட்டென்று கழற்றி வைத்துவிட்டேன். நீ போனபிறகு இந்த அறையில் தனியாக இருக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது என்பதை வேறு யாரிடம் சொல்வேன்?

இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில், துணிக்கடை மாடியில், நாம் இரண்டு பேரும் மெட்டமைக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். இசையமைப்பு உன்னுடையது, ஒலிப்பதிவும் கணினியும் என்னுடையவை. சினிமாவை மட்டும் நம்பி மாணவர் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது என்பதில் நீ பிடிவாதமாக இருந்தாய். ஒவ்வொருவரும் ஒரு விளம்பரத்துக்கும், நாடகத்துக்கும், செல்போன் விளையாட்டுக்கும் இசை எழுத வேண்டும். கைகால் விழுந்து மறுபடி நடக்கப் பழகும் நோயாளிகள் தாளத்துக்கு அடியெடுத்து வைக்க, ஆஸ்பத்திரி வார்டிலும் போய் வாசிக்க வேண்டும். "எந்தக் கதவு அடைபடும்னு நமக்குத் தெரியாதுடி" என்பாய்.

நம் மாணவி இசக்கியின் அப்பா வந்த நாளை நினைக்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சட்டையில் சிமென்ட் காயாமலே மாடியேறி வந்தார். மகள் கல்லூரியை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தது அவருக்கு அன்றுதான் தெரியும். சத்தம் போடுவார் என்று நான் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் சத்தம் போடவில்லை.

"எம் புள்ள இதப் படிச்சா பொழச்சுக்கிடுமா, டீச்சர்?"

நான் உன்னைப் பார்த்தேன். ஏதாவது நல்ல பதிலாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

"நேக்குத் தெரியாது, அண்ணாச்சி" என்றாய். "ஒரே வேலையை மட்டும் கத்துண்டு போகமாட்டா. அது மட்டும் உறுதி."

அவர், "ஒங்கள நம்பி விடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஊரார் பிள்ளைகளைக் கெடுக்கிறோமோ என்று உன்னிடம் கேட்டேன். நீ என் கையைப் பிடித்தாய். உன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"நேக்கும் பயம்தாண்டி. பயமில்லாதவாகிட்ட கொழந்தைகளை விடப்படாது, கேட்டியோ."

அடுத்த மழைக்காலத்துக்குள் நீ படுக்கையில் விழுந்தாய். எழவே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் இசக்கி ஓடி வந்தாள். "டீச்சர், கழக்கூட்டத்துல இருந்து விளிச்சாங்க. கேம் கம்பெனி. ஆனா மியூசிக் எழுதற வேல இல்ல. கம்ப்யூட்டர் தானாப் போடுற மெட்டக் கேட்டுக் கேட்டு சரியாக்கணுமாம். போகவா, வேண்டாமா?"

முன்பு நம் மாணவர்களை இசையமைக்கவே வேலைக்கு எடுத்த இடம் அது. போ என்றால், கற்ற கை மரத்துப்போகுமோ என்று பயம். போகாதே என்றால், அவள் வீட்டு அடுப்பை நினைத்துப் பயம். கடைசியில், "நானும் வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஊர் எல்லையில் கணினிக் கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்துக்குப் பஸ்ஸில் போனோம். அந்த அலுவலகத்தில் ஒரு மலையாளி இளைஞர், காட்டில் வழி தவறிய குழந்தையின் காட்சியைத் திரையில் ஓட்டினார். அதற்குக் கணினி போட்ட மெட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்க வைத்து, நல்லதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். எல்லாமே இனிமையாகத்தான் இருந்தன. இசக்கி ஹெட்போனைக் கழற்றினாள்.

"சார், இதுல ஒண்ணுக்கும் பயம் இல்ல. அந்தக் கொச்சுப் புள்ளைக்கு வழி தெரியாதல்லே? நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டா?"

அவர் முகம் சுருங்கியது. வேலை போயிற்று என்று நினைத்தேன். "அர மணிக்கூர் தரேன்" என்றார்.

நான் வெளியே கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் தலை குனிந்திருந்தது. விரல்கள் நின்று நின்று நகர்ந்தன. அவள் தோற்றால் அந்த அப்பாவுக்கு நான் என்ன சொல்வேன்? நீ இருந்திருந்தால் நடைவழியில் எதையாவது முணுமுணுத்துக்கொண்டு உலாத்தியிருப்பாய். நான் அசையக்கூட இல்லை.

அரை மணி கழிந்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவள் போட்ட மெட்டை அந்த இளைஞர் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். "கொள்ளாம். இத வச்சுக்கலாம்" என்றார். உடனேயே, "பக்ஷே, தினசரி வேல அந்த மெட்டுகளச் சரியாக்கறதுதான். புதுசு வேணும்னா நாங்க பறயும்" என்றும் சொன்னார். இசக்கி தலையாட்டினாள். வேலையில் சேர்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "நாளைக்கு நானும் வேண்டாம்னு ஆயிட்டா, டீச்சர்?"

"தெரியாது, இசக்கி. ஆனா மாடிக்கு வா. அடுத்த வேலைக்குப் பாடம் தொடங்குவோம்."

அதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஆச்சரியம்.

வெளியே அனுப்பிய பிள்ளைகள் ஒவ்வொருவர் பேரும் என் போனில் இருக்கிறது. ஒருவர் நாடகக் குழுவில், ஒருவர் ஆஸ்பத்திரியில், இப்போது இவள் கழக்கூட்டத்தில். போன் மணியடிக்கும்போதெல்லாம் யாருடைய வேலையிடம் மூடியதோ என்று பயப்படுகிறேன். ஒரு கணம் கை போக மறுக்கிறது. ஆனாலும் எடுத்துப் பேசிவிடுகிறேன்.