வர்க்கிக்குப் பதில் ராகி

ஜனவரி 6
மைதா வர்க்கி பிஸ்கட் டப்பாவை இன்று காலி செய்தேன். அடியில் கிடந்த தூளைக்கூட என் வீட்டுக்காரர் சகாயம் ஏக்கத்தோடு பார்த்தார். "தூளுக்கெல்லாம் கிட்னி கணக்குப் பார்க்காது சுகந்தி" என்றார். பார்க்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனால் கோயம்புத்தூருக்கு டயாலிசிஸ் செய்யப் போக வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி இந்த வீட்டில் உப்பும் மைதாவும் கிடையாது. ராகி, கோதுமை, ஓட்ஸ்தான். இத்தனை வருஷத்தில் இந்த மனிதரை எதிலும் திருத்த முடியவில்லை, இதிலாவது பார்க்கிறேன்.

ஜனவரி 9
காலையில் ராகிக் களி. மதியம் கோதுமை ரவைச் சோறு. சாயங்காலம் தவிட்டு பிஸ்கட். வாயைத் திறக்கவில்லை. திறந்தது தின்பதற்கு மட்டும்.

ஜனவரி 15
அவர் வேலை பார்க்கும் குன்னூர் தேயிலை ஆபீஸில் டீ போடும் பேச்சியம்மாவை உளவாளி ஆக்கியிருக்கிறேன். "வர்க்கித் தட்டுப் பக்கமே வரலீங்க அக்கா. நீங்க குடுத்துவுட்ட ராகி பிஸ்கட்டத்தான் டீயில நனைச்சுட்டு உக்காந்திருக்காருங்க. பாக்கவே பாவமா இருக்குதுங்க."
நம்பலாமா? அவள் அவருக்கு வேண்டியவள்.

ஜனவரி 28
மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பொட்டாசியம் இறங்கவில்லை. ஏறியிருக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் எல்லார் காதிலும் விழத் திட்டிவிட்டேன் — எங்க தின்னீங்க, யார் குடுத்தா, என்னைத் தனியா விட்டுட்டுப் போகத்தான் பாக்கறீங்களா. அவர் மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

ஜனவரி 31
டாக்டர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். ஃபெபி என்று ஒரு சின்னப் பெண். நான் சமைப்பதையெல்லாம் பெருமையாக ஒப்பித்தேன்.
"மேடம், தவிடு நீக்காத தானியத்துலதான் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுதலா இருக்குதுங்க. சாருக்கு இப்ப அது ஆகாது. வெள்ளைச் சோறு அளவாக் குடுங்க. சாயங்காலம் உப்பில்லாத மைதா கிராக்கர் பிஸ்கட் ரெண்டு மூணு சாப்பிடட்டுங்க."
மைதா. இது என் காதில்தானா விழ வேண்டும்? சகாயம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.
வெளியே வந்ததும் கேட்டேன். "களி புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"
"ராகி கிளறுற நேரம் மட்டுந்தான் நீ அழுகாம இருந்தே. அதான் சொல்லலை."

பிப்ரவரி 2
வாங்கிக் குவித்த ராகி மாவு முழுக்க இப்போது என் தலையில். அவர் எதிரே உட்கார்ந்து வெள்ளைச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னுங் கொஞ்சம் களி போட்டுக்கோ, ஒடம்புக்கு நல்லது" என்கிறார்.

மார்ச் 3
பொட்டாசியம் இறங்கிவிட்டது. டயாலிசிஸ் பேச்சு இப்போதைக்கு இல்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பசிக்குமே என்று அவருடைய கிராக்கரைப் பையிலிருந்து எடுத்தேன். எடுத்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன், அத்தனை பேர் பார்க்க. சகாயம் கிராக்கரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி என் கையிலேயே வைத்தார்.
"நனைஞ்சு போச்சு சுகந்தி. உப்புப் பட்டதெல்லாம் எனக்கு ஆகாது. வேற ஒண்ணு குடு."