எஞ்சின் அறைக்குள் இறங்கியவன்

சிங்கப்பெருமாள் கோயில்
14.11.1998

அன்பு மகன் தௌசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் சுகம்தான், அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, எனக்குக் கோபம்தான் இறங்கவில்லை. நீயும் மருமகள் அஃப்ஷீனும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போன வாரம் மூன்று தடவை பூத்தில் போய் உனக்கு போன் போட்டேன். முதல் தடவை கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றாய், அடுத்த தடவை மீட்டிங் என்றாய், மூன்றாம் தடவை அந்த மியூசியம் விஷயத்தை நான் ஆரம்பித்ததுமே அத்தாவுக்கு எப்போதும் தன்னடக்கம் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். தன்னடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடுதாசியில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

ஆகஸ்டில் உன்னிடம் வந்திருந்தபோது அந்த மியூசியத்துக்கு என்னைக் கூட்டிப்போய் யுத்தகாலத்து டார்பிடோ படகைக் காட்டினாய். அது நான் போன படகு இல்லை, அதே மாதிரிப் படகு. ஆனாலும் அந்த இரும்பு ஏணியைப் பார்த்ததும் உண்மையை அங்கேயே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நீ விட்டால்தானே. அந்த மியூசியத்து அம்மாவிடம் இங்கிலீஷில் கொட்டி முழக்கிவிட்டாய், என் தகப்பனார் பதினெட்டு வயதில் பற்றி எரியும் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பெட்ரோல் குழாயை அடைத்துப் பதினோரு பேரைக் காப்பாற்றினார் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு வாக்கியம் கோத்து முடிப்பதற்குள் அந்த அம்மா கையைக் குலுக்கிப் போட்டோவும் எடுத்துவிட்டாள். இப்போது என்னடா என்றால் படகுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகடு வைக்கப்போகிறார்களாம், அதில் என் பெயராம், வாசகம் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். உன் அம்மா அந்தப் போட்டோவை லேமினேட் பண்ணிக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டாள். மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் ஆணி வாங்க வந்தாலும், இன்னா பாய், நீ பெரிய ஆளாமே என்கிறான். எனக்குக் கடையில் உட்காரவே பிடிக்கவில்லை.

அந்தக் கதையை உனக்குச் சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எஞ்சின் அறைக்குள் இறங்கியவன் நான் இல்லை. நான் படகில் சமையல்காரன். இறங்கியவன் சாலமோன், கோவளத்துக்காரன், நம் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க வருவானே, விரல் மடங்காமல் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடிப்பானே, அவன்தான். அந்தப் படகுக்கெல்லாம் பெட்ரோல்தான். பெட்ரோல் ஏற்றினால் அடித்தட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காற்றாட விட்ட பிறகுதான் அடுப்பு மூட்டலாம் என்று சட்டம். பர்மா பக்கம் ஒரு காலையில் ஏற்றிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, நான் டீ போட ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டேன். அடுத்த நொடி பலகைக்குக் கீழே நெருப்பு ஓடியது. நான் மேலே ஓடினேன், அவன் கீழே இறங்கினான். வெந்த இரண்டு கையோடு கிடந்தவன், விசாரித்த ஆபீசரிடம் எஞ்சினில் பொறி தட்டியது என்று சொல்லி என்னைக் காப்பாற்றினான். பிறகு எங்கள் நிக்காஹ் பேச்சு வந்தபோது பட்டாளத்தில் என்ன செய்தாய் என்று உன் அம்மாவின் அத்தா கேட்டார். சோறு வடித்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, நான்தான் இறங்கினேன் என்று சொல்லிவிட்டேன். கல்யாணப் பந்தியில் அவர் சாலமோனிடமே கேட்டார், அவன் சாப்பிட்டுக்கொண்டே, ஆமா பாய், இவன்தான் எறங்கினான் என்றான். அதற்கப்புறம் நான் எப்படி மாற்றிச் சொல்ல முடியும், சொல். வாயில் இருந்தவரை அது வெறும் பேச்சு. பித்தளையில் வெட்டி வைத்தால் நான் செத்த பிறகும் நிற்கும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போட்டோவைத் தானே இறக்கிவைத்தாள். நாற்பத்தாறு வருஷம் கழித்து, அப்ப எங்கத்தா சமையக்காரனுக்கா என்னக் கட்டிக் குடுத்தாரு என்று கேட்டாள். மூன்று நாளாகச் சோறு போடுகிறாள், பேசவில்லை.

வியாழக்கிழமை திருப்போரூர் வழியாகக் கோவளம் போனேன். சாலமோன் மவுத்தாகி ஒன்பது வருஷம் ஆகிறது. வலை இழுக்கக் கை ஆகாமல் கரையில் மீன் ஏலம் கூவியே காலம் தள்ளினான், உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் மனைவி பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே, இதச் சொல்லவா இம்மாந்தூரம் வந்துகீற அண்ணாத்த, அதான் அவரே சொல்லிக்கீறாரே, டீ போடச் சொன்னதே நான்தான், ஹமீது மேல தப்பில்லன்னு, என்றாள்.

தௌசிஃப், அன்றைக்கு என்னிடம் யாரும் டீ கேட்கவில்லை. சாலமோன் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் குடிக்க வேண்டும் போல் இருந்தது. கட்டின பெண்டாட்டியிடம்கூட எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அதைப் பாப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இந்த வயதிலும் எனக்குத் தைரியம் அவ்வளவுதான்.

அஃப்ஷீனை ஈரத் தலையோடு வெளியே போக வேண்டாம் என்று சொல். எனக்கு இனிமேல் கோட்டு அனுப்பாதே, இங்கே போட்டால் வெந்துவிடுவேன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். நீ அனுப்பிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரை அடித்துவிட்டு சாலமோன், கோவளம் என்று எழுதியிருக்கிறேன். மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும், உனக்கு அவமானமாக இருந்தாலும் இதைத்தான் கொடுக்க வேண்டும், வேறு நல்ல தாளில் மாற்றி எழுதாதே. சரி பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே என்ன உத்தியோகம் என்று கேட்டிருந்தார்கள், அதையும் எழுதிவிட்டேன்.

உன் அத்தா,
ஹமீது,
படகில் சமையல்காரன்