சோயாமீற் என்று சொன்ன சனிக்கிழமை

9 செப்ரெம்பர், செவ்வாய்

இன்று செவன் ஹில்ஸ் மண்டபத்தில் முதியோர் சங்கக் கூட்டம். நான் இல்லாவிட்டால் அந்தச் சங்கம் எப்போதோ படுத்திருக்கும். இந்த மாதச் சுற்றுலா எங்கே என்று செயலாளர் சிறிதரன் கேட்டார். பூங்கா, மலை, கடற்கரை என்று போன இடத்துக்கே போய் எல்லாருக்கும் அலுத்துவிட்டது. நான் எழும்பி, "ஃபேர்ஃபீல்டுக்குப் போவம்" என்றேன். அங்கே சிலி நாட்டுச் சனம் கனகாலமாக இருக்கிறது. சுவரெல்லாம் சித்திரம், சதுக்கத்தில் ஆட்டம், சுடச்சுட லத்தீன் சாப்பாடு.

"மூர்த்தி அண்ணைக்கு அவையின்ரை பாஷையும் தெரியுமோ?" என்றார் சிறிதரன்.

"ஸ்பானிஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வல்பரைசோ துறைமுகத்திலை மூண்டு மாதம் கிடந்தனான்."

வீட்டுக்கு வந்து மனிசி யோகராணியிடம் இதைச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "நீங்கள் ஏறின ஒரே கப்பல் தலைமன்னாரிலையிருந்து ராமேஸ்வரம் போனது. அதிலையும் சத்தி எடுத்தனீங்கள்."

லிட்கம் அட்டைப்பெட்டி ஃபக்டரியில் செர்கியோ என்ற சிலிக்காரனுக்குப் பக்கத்தில் நின்று ஆறு வருடம் வேலை செய்தவன் நான். அது சிலிக்குப் போனதற்குச் சமம்தானே?

20 செப்ரெம்பர், சனி

வெற்றி. மகா வெற்றி! இருபத்துமூன்று பேர், ஒரு பஸ். யோகராணி முழங்கால் நோகிறது என்று வரவில்லை. அவளுக்குத்தான் நட்டம்.

சலவைக்கடைச் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பெண். தலையில் கூடை, கண்ணில் கோபம். "இவதான் வெள்ளைக் குதிரையிலை வந்து ஏழு பட்டணத்தைப் பிடிச்ச ராசாத்தி" என்று விளக்கினேன். குதிரை எங்கே என்று ஒருவர் கேட்டார். "மற்றச் சுவரிலை" என்றேன். சதுக்கத்தில் அவர்களுடைய சுதந்திர விழா. ஆணும் பெண்ணும் கையில் லேஞ்சியை, கைக்குட்டையைத்தான், சுழற்றிச் சேவல் கோழிபோலச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். நானும் என் லேஞ்சியை எடுத்து இறங்கிவிட்டேன். ஊரே நின்று பார்த்தது. சிறிதரன் வீடியோ எடுத்தார். முந்நூறு பேராவது கைதட்டியிருப்பார்கள்.

பிறகு கடை. மற்றவர்கள் கோழி, சொசேஜ் பாண் என்று வெட்டினார்கள். புரட்டாதிச் சனி விரதம் பிடிக்கும் எங்கள் சங்கத்து இரஞ்சிதத்துக்கு மட்டும் நானே தனியாக எம்பனாடா எடுத்துக் கொடுத்தேன். உள்ளே கறி வைத்து மடித்த மாப் பண்டம், எங்கள் பற்றீசுக்கு அண்ணன் மாதிரி, உள்ளங்கை அகலம். சுத்த சைவம். ருசித்துச் சாப்பிட்டா.

21 செப்ரெம்பர், ஞாயிறு

நேற்று எழுதியதில் பாதி பொய். கைதட்டியவர்கள் பத்துப் பேர் இருக்கும். அது கிடக்கட்டும். மற்றது கிடக்கவிட முடியாத பொய்.

இரஞ்சிதம் விரதம் பிடிப்பது மகள் சயந்தினிக்காக. பிள்ளைக்கு மார்பில் கட்டி, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வைத்தியம். நாலு சனியும் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்து, மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு. நேற்றும் கோயிலால்தான் வந்தவ, கையில் சோற்றுப் பெட்டியோடு. நான்தான் விடவில்லை. "அதை மூடி வையுங்கோ பிள்ளை, நான் கேட்டு வாங்கித் தாறன்" என்றேன்.

ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அரை நிமிட வேலை. இறைச்சி இல்லாதது எது? அவ்வளவுதான். ஆனால் பின்னால் சங்கமே நின்று என் ஸ்பானிஷுக்குக் காத்திருந்தது. செர்கியோ எனக்குப் பழக்கியது ஏழு சொல். அதில் நாலு தூஷணம். மிச்ச மூன்றையும் கடைக்காரியிடம் சொன்னேன். அவ நீளமாக ஏதோ கேட்டா. நான் நீதவான் மாதிரித் தலையாட்டினேன். இரண்டு தட்டைக் காட்டினா. பெரிய தட்டைக் காட்டினேன்.

இரஞ்சிதம் முதலில் ஒரு துண்டு பிய்த்துக் காகத்துக்குப் புல்லில் வைத்தா. பிறகுதான் தன் வாயில் வைத்தா. நானும் எனக்கென்று எடுத்ததை அப்போதுதான் கடித்தேன். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. செர்கியோவின் மத்தியானப் பெட்டியில் எத்தனை தரம் பங்கு எடுத்திருப்பேன் — மாடு.

"அண்ணை, உள்ளுக்கை என்ன? நல்ல ருசியாக் கிடக்கு."

இரண்டு விநாடி இருந்தது. துப்பச் சொல்லியிருக்கலாம்.

"சோயாமீற்" என்றேன். "சோயாவிலை இறைச்சி மாதிரிச் செய்யிறதிலை லத்தீன்காரர் விண்ணர்."

பிறந்ததிலிருந்து மாடு தொடாத மனுசி. இன்னும் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

23 செப்ரெம்பர், செவ்வாய்

சிறிதரன் அந்த வீடியோவை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். பார்க்க முடியவில்லை.

27 செப்ரெம்பர், சனி

கோயிலில் இரஞ்சிதம் என்னைத் தேடி வந்தா. கடைசிச் சனி வீட்டில் விரதக்காரர் எல்லாருக்கும் சாப்பாடாம். "சோறு கறியோடை உங்கடை சோயாமீற் பற்றீசும் வைக்கப்போறன். முப்பது சொல்லி வையுங்கோ அண்ணை."

"அந்தக் கடை பூட்டியாச்செல்லோ" என்றேன்.

"அப்பிடியே? மருமகன் நேற்று அதாலைதான் வந்தவர். திறந்து கிடந்ததாம்."

"பின்னேரத்திலைதான் பூட்டுறவை" என்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருவரோடு முடிந்ததை முப்பதுக்கு வளர்த்து வைத்திருக்கிறேனே — என்ன பிறவியடா நான்?

2 ஒக்ரோபர், வியாழன்

மூளை என்றால் இது. தமிழ்க் கடையில் சோயாமீற் பக்கற் வாங்கிக்கொண்டு தனியே ரெயின் ஏறி ஃபேர்ஃபீல்ட் போனேன். கடைக்காரியின் பெயர் மார்த்தா. அவவின் ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே உயரம், நன்றாகப் பேசிக்கொண்டோம். வெண்ணெய் மா, உள்ளே இந்தச் சோயாமீற், முட்டை வேண்டாம் என்றேன். பக்கற்றை உடைத்து மணந்து பார்த்து, இது தோலா என்பதுபோலத் தன் செருப்பைக் காட்டிச் சிரித்தா. ஆனால் செய்து தருவாவாம். இனி நான் சொன்ன பொய்யே உண்மையாகிவிடும்.

ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டா. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, முழுக்கச் சொல்லிவிட்டேன். மார்த்தா சிரிக்கவில்லை. "அந்த அம்மாவின் மகள் இப்போது எப்படி?" என்று மட்டும் கேட்டா.

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் ஒருதரம்கூட நான் அதை விசாரிக்கவில்லை.

5 ஒக்ரோபர், ஞாயிறு

கோடைகால நேரம் தொடங்குகிறது என்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியாயிற்று. எனக்குப் பின்னுக்குத் தள்ளத்தான் வேண்டியிருந்தது.

11 ஒக்ரோபர், சனி

இதையாவது ஒழுங்காக எழுதவேண்டும்.

முப்பதையும் சூட்டோடு கொண்டுபோனேன். யோகராணியும் வந்தாள். வீடு நிறையச் சனம். சயந்தினி தலையில் துணி கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். "வாங்கோ அங்கிள், டான்ஸ் வீடியோ சூப்பர்" என்றாள். பிள்ளை சரியாக மெலிந்துவிட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்றார்கள். கடைசியாக இரஞ்சிதம் எடுத்துக் கடித்தா. மென்றா. நிறுத்தினா. மிச்சத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அண்ணை, ஒருக்கால் குசினிக்கு வாங்கோ" என்றா.

சமையலறைக் கதவைச் சாத்தினா.

"இது சோயாமீற். எனக்குச் சோயாமீற் தெரியும். அண்டைக்குத் தந்தது இது இல்லை. அது என்ன?"

வாய் வழக்கம்போலத் தயாராக இருந்தது. கடையில் சமையல்காரன் மாறிவிட்டான், சிலியில் வேறு சோயா — நாலைந்து கதை ஒரேயடியாக வந்தது. நாக்கு நுனியில்! ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் —

"மாடு" என்றேன்.

"தெரிஞ்சே தந்தனீங்கள்?"

"தரேக்கை தெரியாது. நீங்கள் கேக்கேக்கை தெரியும்."

கத்துவா என்று நினைத்தேன். கையைக் கழுவினா. சவர்க்காரம் போட்டு, திரும்பத் திரும்ப. "செவ்வாய்க்கிழமை பிள்ளையின்ரை ரிசல்ற் வருது. ஏதும் பிழையா வந்தால் நான் உங்களைத்தான் நினைப்பன். நினைக்கக்கூடாதெண்டாலும் நினைப்பன். போட்டு வாங்கோ அண்ணை."

காரில் யோகராணியிடம் நானாகச் சொன்னேன். "அந்தக் கப்பல் கதையோடை நிண்டிருக்கலாமேயப்பா" என்றாள். அழுதாள்.

14 ஒக்ரோபர், செவ்வாய்

காலையிலிருந்து போனுக்குப் பக்கத்தில். ஒரு மாதமாக வாய் கூசாமல் எல்லாம் சொன்னவன், பிள்ளையாருக்கு முன்னால் ஒரு வார்த்தை வராமல் நின்றேன். என்ன பேரம் பேசுவது? எதை நம்பி அவர் என்னோடு பேசுவார்?

மூன்று மணிக்கு யோகராணியின் போன் அடித்தது. கேட்டாள், கதிரையில் இருந்தாள். "சுத்தமாம். ஒண்டுமில்லையாம்."

கராஜுக்குள் போய்க் கதவை இழுத்து விட்டேன்.

மாலையில் இன்னொரு செய்தி. கெட்ட சனியைச் சேர்க்காமல், இனி வரும் நாலு சனியும் இரஞ்சிதம் முதலிலிருந்து பிடிக்கிறாவாம். மாதம் தப்பினாலும் பரவாயில்லை என்றாவாம். என்னால் ஒரு மனுசிக்கு இன்னும் நாலு பட்டினி.

18 ஒக்ரோபர், சனி

நானும் பிடித்தேன். யோகராணிக்கு மட்டும் தெரியும். சுகர்க் குளிசை இருப்பதால் மத்தியானம் சாப்பாடு, இரவு பால். பதினொரு மணிக்கே கண் இருட்டியது.

25 ஒக்ரோபர், சனி

சிறிதரன் போன் எடுத்தார். அடுத்த சுற்றுலா இத்தாலிக்காரர் பக்கமாம். இத்தாலியன் வருமோ என்று கேட்டார். ஸ்பானிஷே வராது என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மூன்று தரம் சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

1 நவம்பர், சனி

மூன்றாவது. பசி பழகவில்லை.

8 நவம்பர், சனி

மத்தியானப் பூசை முடிந்து கோயிலின் கார்த் தரிப்பிடத்தில் யோகராணிக்காகக் காத்து நின்றேன். அவள் வந்தாள், கூடவே இரஞ்சிதம். நான் நகரப் பார்த்தேன்.

"நில்லுங்கோ அண்ணை. நாலு சனியும் பிடிச்சனீங்களாமே."

யோகராணி வானத்தைப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினா. "சோறு, பருப்பு, கத்தரிக்காய். பயப்பிடாமல் சாப்பிடுங்கோ. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு கேட்டால் என்னாலை சொல்லேலும்."

சிரித்தாவா? தெரியாது, நான் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காரில் சயந்தினி ஹோர்ன் அடித்தாள், அவ போய்விட்டா.

அங்கேயே நின்றபடி, வெயிலில், கையால் சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடவில்லை.