கணவாயில் சிக்கிய மாப்பிள்ளை

அன்புள்ள நூரிலாவுக்கு உன் அண்ணி செய்னெப் எழுதும் கடிதம். சலாம்.

முதலில் ஆடுமாடு நலம், அப்புறம் மனிதர்கள் நலம். உன் அண்ணனுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. காரணம் கீழே வரும். உனக்காவது மாஸ்கோவில் ரொட்டிக்கடை அடுப்புச் சூடு இருக்கிறது. இங்கே வாளியில் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால் அது கண்ணாடியாகிக் கிடக்கிறது.

இந்தக் கடிதத்தை உலர்தயிர் உருண்டைப் பையின் அடியில் வைத்துத் தைத்துத் தபால்காரர் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டின உறையென்றால் ஆவி காட்டிப் பிரித்துவிடுவாள். தையலைப் பிரிக்க அவளுக்குச் சோம்பல். அப்படியும் நூல் நிறம் மாறியிருந்தால் எனக்குச் சொல்லு. நான் தைத்தது சிவப்பு நூல்.

போன மாதம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் "ம்", "ஆமாம்", "குளிர்தான்" என்று மட்டும் சொன்னதில் உனக்குக் கோபம் இருக்கும். என்ன செய்ய? இங்கே கடை மேட்டில் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். "அண்ணி, என் புருஷனுக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்காமே, நிஜமா?" என்று நீ கேட்ட நேரத்தில், கடைக்காரர் காதை என் பக்கம் வைத்துக்கொண்டு யாருக்கோ சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பருக்கையாகப் போட்டார். அப்படி ஒருத்தி இருப்பது உண்மையென்றால் இனி ஊர்ப்பக்கமே வரமாட்டேன், வீட்டையும் ஜீப்பையும் அந்த மனுஷனே கட்டிக்கொண்டு அழட்டும் என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், நீ கேட்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மகளும் வீட்டைவிட்டுப் போய், நீயும் தூரத்தில் இருக்க, தனியாகக் கிடக்கிற மனிதர். தாடி வளர்ந்தால் வளரட்டும் என்று இருந்தவர். திடீரென்று வெள்ளிக்கிழமைதோறும் சவரம். கடையில் வாசனை சோப்பு வாங்கியிருக்கிறார். கடைக்காரரே என்னிடம் சொன்னார். உறைபனியில் ஜீப்பைக் கழுவுகிறார். ஒருநாள் என் அடுப்படிக்கு வந்து நின்று, போர்சோக் பொரிக்க மாவில் எவ்வளவு வெண்ணெய் போட வேண்டும் என்று கேட்டார்.

"யாருக்கு மாப்பிள்ளை, ஆட்டுக்கா?" என்றேன்.

"எனக்குத்தான் அக்கா. பசிக்குது."

"பசிக்கிற ஆம்பளை சுட்டதை எடுத்துத் தின்பான், பக்குவம் கேட்கமாட்டான்."

காது சிவந்துபோய் வெளியே போனார். குளிரென்று நினைத்துக்கொள்ள நான் என்ன சின்னப் பிள்ளையா?

போன வாரம், ஆட்டுக்கு மருந்து வாங்க மாவட்டத் தலைநகருக்குப் போகிறேன் என்று கிளம்பினார். அந்த ஊர் நமக்குக் கீழே இருக்கிறது, உனக்குத் தெரியும். மறுநாளெல்லாம் பனி கொட்டித் தீர்த்தது. அது நின்றதும் மேல்மந்தைச் சாகின் குதிரையில் இறங்கி வந்தான். "உங்க மாப்பிள்ளை வண்டி கணவாய்க்குக் கீழ மேல்வளைவுல பனிக்குள்ள உக்காந்திருக்கு. ஆளு என் குடிசையில பத்திரமா இருக்காரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு" என்றான்.

"பின்னே ஏண்டா சொல்றே?"

"சொல்லக்கூடாதுன்னா விஷயம் இருக்குன்னுதானே அக்கா அர்த்தம்?"

இந்த ஊரில் எனக்குச் சரியான ஜோடி அவன் ஒருவன்தான்.

கணவாயில் வண்டி மாட்டிக்கொண்டால் அது பகையாளியுடையதாக இருந்தாலும் சேதி கேட்டவன் மண்வெட்டியோடு கிளம்பியாக வேண்டும். உன் அண்ணன் பக்கத்து வீட்டுக் கெனேஷின் பழைய ராணுவ லாரியை வரவழைத்தார். இரும்புக் கயிறு, மண்வெட்டிகள், அடுப்புச் சாம்பல் இரண்டு மூட்டை, சக்கரத்துக்கு அடியில் போடப் பழைய கம்பள விரிப்பு எல்லாம் ஏற்றினார்கள். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"பொம்பளைக்கு அங்க என்ன வேலை?" என்றார் உன் அண்ணன்.

"டீ போடுவேன்."

"ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடு, போதும்."

"என் டீ ஃபிளாஸ்க்ல இருக்காது. கூடவே நான் வந்தாத்தான் சூடு நிக்கும்."

கெனேஷ் சிரித்துவிட்டான். உன் அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. தங்கை மாஸ்கோவில் மாவு பிசைகிறாள், தங்கை புருஷன் கணவாயில் என்ன பிசைகிறான் என்று.

சாகின் தன் கவரிமாடுகளை முன்னால் ஓட்டினான். அவை நெஞ்சால் பனியை உழுது, மிதித்து அமுக்கிக்கொண்டு போயின. சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய லாரி அந்தத் தடத்திலேயே அவற்றின் வாலைப் பார்த்துக்கொண்டு ஊர்ந்தது. நடுவில் மாடுகளுக்கு நின்று யோசிக்கத் தோன்றும். அப்போது நாங்களும் நிற்போம்.

மேல்வளைவில் ஜீப்பின் கூரைதான் தெரிந்தது. மூக்கு மலைப்பக்கப் பனிக்குள், பின்பக்கம் சாலையில். எங்களைப் பார்த்ததும் குடிசையிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்தார். காப்பாற்ற வந்தவர்களைக் கண்டால் மனிதனுக்கு முகம் மலர வேண்டாமா? வரி வசூலிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"யாரு உங்களை வரச் சொன்னது? வெயில் அடிச்சா தானா இளகிடும்" என்றார்.

"வெயில் வசந்தத்துல வரும் மாப்பிள்ளை. அதுவரைக்கும் ஆட்டுக்கு மருந்து?" என்றேன்.

"மருந்துக்கடை பூட்டியிருந்துச்சு அக்கா."

"அதான் மேல வந்து கழுகுகிட்ட வாங்கலாம்னு வந்தீங்களாக்கும்."

ஆண்கள் தோண்டத் தொடங்கினார்கள். முதலில் புகைக்குழாய், பிறகு வண்டியின் அடிவயிறு, பிறகு சக்கரங்கள். நான் டீ ஊற்றுகிற சாக்கில் முன்கதவைத் திறந்து பார்த்தேன். இருக்கையில் ஒரு பை நிறைய போர்சோக், ஓரம் கருகியது. அந்தச் சோப்பு, உறை பிரிக்காமல். மெத்தென்ற புதுத் துணி, மடித்து வைத்தது. நூரிலா, எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு எரிந்தது. பின்பக்கம் கண்ணாடி வரைக்கும் கம்பளி போட்டு மூடியிருந்தது. அதன் பக்கம் யார் போனாலும் மாப்பிள்ளையும் கூடவே வந்து நின்றார்.

சாம்பல் தூவி, விரிப்பைச் செருகி, கயிற்றை மாட்டி இழுத்தார்கள். ஜீப் நகர்ந்தது, ஆனால் பின்னால் வருவதற்குப் பதில் பக்கவாட்டில் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் வாலைத் திருப்பியது. கெனேஷ் லாரியை நிறுத்திவிட்டுக் குதித்தான். "பின்னால பாரம் இருக்கு. அதை இறக்காம இழுத்தா வண்டி கீழ போயிரும்" என்றான்.

"இறக்க முடியாது. அப்படியே இழு" என்றார் மாப்பிள்ளை.

"என்னய்யா வச்சிருக்கே, உன் மாமியாரையா?"

"இழுன்னா இழு."

மாப்பிள்ளை கெனேஷோடு மல்லுக்கு நிற்கையில் நான் பின்கதவைத் திறந்து கம்பளியை உருவினேன். அடியில் மாவு மூட்டைகள், அவற்றின் மேலே...

தொட்டில்.

உன் அண்ணனின் முகம் கல்லாகிப்போனது. மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, "சொல்லு. அந்தப் பக்கம் உனக்கு வீடு இருக்கா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று, "ஆமா. இருக்கு. இப்ப இழுங்க" என்றார்.

உன் அண்ணன் கயிற்றைக் கழற்றி வீசினார். "என் தங்கச்சி சம்பாத்தியத்துல வாங்கின வண்டி. பள்ளத்துல போகட்டும். நீயும் கூடப் போ" என்றார். கெனேஷ் லாரியைத் திருப்ப இடம் பார்க்கத் தொடங்கினான். எனக்கும் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்போல்தான் வந்தது. ஆனால் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது உன் வீட்டுத் தொட்டில். உன் மகள் பேகிமாய் பல் முளைத்தபோது கடித்து வைத்த அதே கைப்பிடிக் கட்டை.

அப்போதுதான் உறைத்தது. நம்மில் தொட்டில் யார் வீட்டிலிருந்து போகும்? பிள்ளை பெற்றவளின் தாய்வீட்டிலிருந்து. புருஷன் வீட்டிலிருந்து எந்தக் காலத்திலாவது போயிருக்கிறதா? இந்தப் பக்கத்திலிருந்து தொட்டில் போகிறதென்றால், அந்தப் பக்கம் இருப்பவள் இந்தப் பக்கத்துப் பெண். இத்தனை ஆண்பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. பொய் சொன்னவருக்கே தோன்றவில்லை.

பக்கத்தில் போய் மெல்லக் கேட்டேன். "மாப்பிள்ளை, பேகிமாய்க்கு என்ன குழந்தை?"

அந்த மனிதர் ஜீப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு" என்றார்.

இரண்டு கோடைக்கு முன்னால் அவள், கட்டினவளை விலக்கிவிட்ட, தன்னைவிட மூத்த அந்த நிலக்கரி லாரிக்காரனோடு சொல்லாமல் போனதும், எனக்கு மகளே இல்லை, என் வீட்டிலிருந்து ஒரு ஊசிகூட அவளுக்குப் போகக்கூடாது என்று நீ மாஸ்கோவிலிருந்து சொன்னதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அவள் நாட்டுத் தலைநகரில் இருக்கிறாள் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தோம். அவள் கணவாய்க்கு அப்பால் முதல் ஊரில் இருப்பது இவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கீழ்ச்சாலையில் சுற்றிப் போகலாமே என்றேன். அந்த வழியெல்லாம் உன் சொந்தக்காரர் வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ரொட்டி பிட்டுத் தின்ன வைப்பார்கள், வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் பனியென்றும் பாராமல் மேலே வந்திருக்கிறார்.

"அதுக்காக வேற பொம்பளை இருக்கான்னு ஒத்துக்குவீங்களா?" என்றேன்.

"அக்கா, வேற பொம்பளைன்னா நூரிலா திட்டுவா, அழுவா, ஒருநாள் மன்னிச்சுடுவா. அவ சொன்ன சொல்லை மீறினேன்னா மன்னிக்கமாட்டா. நீங்களும் சொல்லிடாதீங்க."

இத்தனை வருஷம் உன்னோடு வாழ்ந்து அவர் தெரிந்துகொண்டது இதுதான், நூரிலா. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பனியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு தானே போய்த் தொட்டிலையும் மூட்டைகளையும் தூக்கி லாரியில் வைத்து, வீசின கயிற்றை எடுத்து வந்து தானே மாட்டினார். இடுப்புப் பிடித்தது அப்போதுதான். இந்தத் தடவை ஜீப் நேராக வந்தது, முன்விளக்கு மட்டும் உடைந்திருந்தது. வந்ததும், "கவரியை மேல ஓட்டுடா" என்றார் சாகினிடம். வீட்டுக்குத் திரும்புவோம் என்று நினைத்த கெனேஷ் வாயைத் திறந்தான். உன் அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். எல்லோருமாகக் கணவாயைத் தாண்டினோம்.

பேகிமாய் இளைத்திருக்கிறாள், ஆனால் கை சுறுசுறுப்பு அப்படியே இருக்கிறது. அந்த லாரிக்காரனை நான் நன்றாகவே சந்தேகப்பட்டுப் பார்த்தேன். அடுப்பங்கரை முதல் கட்டிலடி வரை துழாவினேன். குடியின் வாடை இல்லை. மனைவி அடுப்புப் பக்கம் குனியுமுன் விறகைத் தானே எடுத்துப் போடுகிறான். இன்னும் கொஞ்ச நாள் கண்காணித்துத்தான் நல்லவன் என்பேன். குழந்தைக்கு உன் புருவம். கோபம் வந்தால் நடுவில் சேர்ந்துகொள்கிறது. தொட்டிலை வைத்ததும், முதல் தடவை குழந்தையை நானே கிடத்தட்டுமா என்று கேட்டேன். பேகிமாய் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "வேண்டாம் மாமி, இருக்கட்டும்" என்றாள். நம்மில் முதல் தடவை கிடத்துவது பாட்டியின் கைதானே. தொட்டில் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது எனக்கு உன்மேல்தான் சந்தேகம். அன்று போனில் நீ கேட்டதை எல்லாம் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்த வீட்டுக்கு விறகு இருக்கிறதா, தண்ணீர் எடுக்கத் தூரம் போக வேண்டுமா, பனிக்காலத்தில் மருத்துவச்சி வரமுடிகிற ஊரா என்று கேட்டாயே. சக்களத்தி வீட்டில் விறகு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் உனக்கென்ன? எந்தப் பெண் அதைக் கேட்பாள்? உனக்குத் தெரியும், நூரிலா. அல்லது தெரியாது, ஆனால் அப்படி இருக்க வேண்டுமென்று நினைத்தாய். மகளைப் பற்றிக் கேட்க வாய் வராமல், புருஷனுடைய வைப்பாட்டியைப் பற்றிக் கேட்டாய். அவர் ஒரு பொய், நீ ஒரு பொய். நல்ல ஜோடிதான்.

சரி, நான் சொன்னது நல்ல சேதி. நல்ல சேதி கொண்டு வந்தவள் சூயுஞ்சு கேட்டால் கையில் இருப்பதைக் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்கிறவளை நம் ஊரில் மனுஷியாக மதிக்கமாட்டார்கள். எனக்கு மாஸ்கோ சால்வை வேண்டாம், இரண்டு வைத்திருக்கிறேன். உன் கடை முதலாளியிடம் விடுப்புக் கேட்டு ரயில் ஏறு. அதுதான் என் சூயுஞ்சு. குழந்தையின் பெயரை இதில் எழுதமாட்டேன். நீ வந்து அவள் அம்மாவிடமே கேட்டுக்கொள். வரும்போது மாப்பிள்ளையிடம் ஒன்றும் தெரியாததுபோல் இரு. ஜீப்பின் முன்விளக்கு உடைந்ததற்கு மட்டும் நன்றாகத் திட்டு. அவருக்கு அது போதும், மனம் ஆறிவிடும்.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு வெள்ளைப் பாதை அமையட்டும் என்று வாழ்த்துவது நம் வழக்கம். உனக்கு மட்டும் அப்படி வாழ்த்த எனக்குப் பயமாக இருக்கிறது. கீழ்ச்சாலை வழியாகவே வா, சொந்தக்காரர் எல்லோர் வாசலிலும் நின்று ரொட்டி பிட்டுத் தின்றுகொண்டே வா, எங்கே போகிறாய் என்று கேட்டால் உரக்கச் சொல். உனக்குப் பனியே இல்லாத கறுப்புப் பாதை அமையட்டும்.

உன் அண்ணி
செய்னெப்