மேஸ்திரி சட்டைப் பையில் இருந்த நம்பர்

திட்டாமல் நினைக்க முடியாத என் நைனாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் இரண்டு வருஷம். தெருமுனையில் உனக்கு நினைவஞ்சலி பேனர் வைக்கப்போவதாக, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற நம் மேஸ்திரி அதன் மாதிரிப் படத்தை அனுப்பியிருந்தார். மேலே வரிசையாகக் கட்சித் தலைவர்கள், நடுவில் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டபடி மேஸ்திரி, கீழே மூலையில் பாஸ்போர்ட் சைஸில் நீ. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேனருக்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஊரே படித்தாலும் பரவாயில்லை, ஏனென்றால் இதில் உன் தப்பு ஒன்று வருகிறது. நம் தெருவே சேர்ந்து செய்த தப்பு அது.

எனக்குப் பத்தொன்பது வயது அப்போது. உன்னைக் கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலைக்குக் கூட்டிப்போன அதே மேஸ்திரிதான் என்னையும் வார்ப்பு இரும்பில் பிசிறு தேய்க்கிற கம்பெனிக்குக் கூட்டிப்போனார். ஃபாரத்தில் மொபைல் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. நம் வீட்டுப் பட்டன் போன் பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மேஸ்திரி நம்பரயே போட்டுக்கோ மா. அவரு நம்ம ஆளு, எங்க போய்டப் போறாரு?"

ஆதாருக்கு, பேங்குக்கு, பி.எஃப்புக்கு, எல்லாவற்றுக்கும் அவர் நம்பரையே எழுதினோம். அவர் மூலமாக வேலைக்குப் போன பெண்கள் எல்லோருமே அப்படித்தான் எழுதினார்கள். அன்றைக்கு அந்த நம்பருக்கு ஒரு வேலையும் கிடையாது. இன்றைக்கு எதைத் தொட்டாலும் ஓடிபி என்று ஆறு இலக்கம் வருகிறது நைனா. எங்கள் எல்லோருடைய ஆறு இலக்கமும் போய் விழுவது மேஸ்திரியின் சட்டைப் பையில்.

நீ இருந்தவரை எனக்கு இது பெரிதாக உறைக்கவில்லை. நீதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பாய். அவர் சொன்ன நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பத்து நிமிஷத்தில் செத்துவிடுமே என்று மூச்சிரைக்கத் திரும்பி வருவாய். வியர்வையில் ஒரு இலக்கம் அழிந்து, எட்டா மூன்றா என்று இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறோம். அப்போதெல்லாம் சிரித்தேன். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

நீ போன பிறகு நானே கேட்க வேண்டியதாயிற்று. அவர் காசு எதுவும் கேட்க மாட்டார், அதையும் சொல்ல வேண்டும். நம்பரைச் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கெழம மீட்டிங் கீது மா, வண்டி அனுப்பறேன், வந்துடு" என்பார். யார் பேசுகிறார்கள், எதற்குப் பேசுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. தொப்பி கொடுத்தால் போட்டுக்கொண்டேன், கொடி கொடுத்தால் பிடித்துக்கொண்டேன். அவர் கட்சி மாறினார், பஸ்ஸோடு சேர்ந்து நாங்களும் மாறினோம். எனக்கென்று ஒரு அரசியல் இருக்கிறதா என்று இத்தனை வயதுக்கு எனக்கே தெரியாது.

போன ஆடி மாதம் தொழிற்பேட்டையிலேயே இன்னொரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். காண்ட்ராக்ட் இல்லை, நேரடி வேலை. தேய்த்த பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்க வேண்டும். பரீட்சை வைத்தார்கள். பாஸ் பண்ணினேன். அம்மாவிடம்கூட அன்றைக்குச் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

சேருகிற அன்று மேஜைக்குப் பின்னால் இருந்த பையன், "ஓடிபி போயிருக்கு, சொல்லுங்க மேடம்" என்றான். மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"எந்தக் கம்பெனி மா? எனுக்கு ஒரு வார்த்தகூட சொல்லலியே."

"அப்புறம் வந்து சொல்றேன் ணா. மொதல்ல அந்த நம்பரச் சொல்லுங்க."

"ஒண்ணும் வரலியே மா."

பையன் இரண்டாவது தடவை அனுப்பினான். மூன்றாவது தடவையும் அனுப்பினான். போய்ச் சேர்ந்துவிட்டதாக அவன் திரையில் காட்டுகிறது, வரவில்லை என்கிறார் மேஸ்திரி. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நாலாவது தடவை அவர் போனை எடுக்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஆதாரில் நம்பரை மாற்றிக்கொண்டு வாருங்கள், அதற்கு மேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் மேல் தப்பில்லை.

நேராக மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். மனுஷன் கோபப்படவே இல்லை. நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

"உங்க நைனா இருந்தா இப்டி எனுக்குத் தெரியாம போயிருப்பியா எஸ்தர்? நீ ஒருத்தி எறங்கினா பின்னாடியே மத்தவளுங்களும் எறங்குவாளுங்க. அப்புறம் கம்பெனில என்ன யாரு மதிப்பான்? தேவையில்லாம பேஜாரு பண்ணாத."

திரும்பி வந்துவிட்டேன் நைனா. நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அவர் பக்கம் நின்று, "வுடு மா, இருக்கிற வேலையப் பாரு" என்று சொல்லியிருப்பாயோ? நீ அவரை நம்பினாயா, இல்லை பயந்தாயா? உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை.

நம்பரை மாற்றலாம் என்று பக்கத்துச் சேவை மையத்துக்குப் போனால் அங்கே வேறு கூத்து. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன், பத்தும் சிவப்பு. பன்னிரண்டு வருஷம் இரும்பைத் தேய்த்ததில் இரும்பு என் ரேகையைத் தேய்த்துவிட்டது. கம்பெனி வாசலில் முகத்தைக் காட்டினால் ஒரு நொடியில் இவள் எஸ்தர் என்கிறது மெஷின், இங்கே விரலை வைத்தால் நீ யார் என்கிறது. கண்ணைப் பார்க்கிற மெஷின் அங்கே ரிப்பேர். "ஒரு வாரம் வேலைக்குப் போகாம, எண்ணெய் தடவிக்கினு வாங்கக்கா, ரேகை வந்தாலும் வரும்" என்றாள் மையத்தில் இருந்த பெண். ஒரு வாரம் லீவு போட்டேன். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கையைப் பார்த்தபடி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரேகை வரவில்லை. பழைய கம்பெனியில் சம்பளத்தைப் பிடித்தார்கள்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. திருவள்ளூரில் கண்ணை வைத்தே முடித்துவிடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறிப் போனேன். "கண்ண நல்லாத் தொறங்கம்மா" என்றார் அங்கே இருந்தவர். இமைக்காமல் பார்த்ததில் தண்ணீர் கொட்டியது. மெஷினால் வந்த தண்ணீர் என்று அவர் நினைத்துக்கொண்டார். பச்சை விழுந்தது. ஒரு வாரம் கழித்து அதே கம்பெனி, அதே மேஜை. ஆறு இலக்கம் என் கையில் இருந்த என் போனில் வந்து விழுந்தது. அதைப் படித்துச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆனால் விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆறு மாதம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்கிறார்கள். இங்கேயும் போனில் ஒரு ஆப் போடச் சொன்னார்கள், நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஷிப்டில் போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். தெருவில் மேஸ்திரி வீட்டு ஆட்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு கயிற்றை அவிழ்த்தால் இன்னொன்று கட்டியிருக்கிறது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுச் சாந்தி அக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். "இனிமே மேஸ்திரி வாணாம் எஸ்தர். எல்லாருக்கும் உன் நம்பரையே போட்டுக்கிறோம். நீ நம்ம பொண்ணு" என்றார்கள். பொய் சொல்ல மாட்டேன், உள்ளே இனித்தது. அவர்களிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் அம்மாவின் ஆதாருக்கும் விதவைப் பென்ஷன் மனுவுக்கும் யோசிக்காமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் அம்மா அந்த மனுவுக்காகத் தாலுகா ஆபீஸ் போனாள். கவுன்டரில் ஓடிபி கேட்டிருக்கிறார்கள். நான் ஷிப்டில், என் போன் லாக்கரில். காலையிலிருந்து மூன்று மணி வரை ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "பரவால்ல மா, இன்னொரு நாளு போய்க்கிறேன்" என்று சொன்னாளே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஸ்திரி செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

மறுநாளே அம்மா பெயரில் ஒரு சிம் வாங்கினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் பஸ் நம்பர் பார்த்து ஏறத் தெரியும். ஒரு வாரம் உட்கார வைத்து மெசேஜ் திறக்கச் சொல்லிக்கொடுத்தேன். "இன்னாத்துக்கு இந்த வம்பு? உன்ன நம்பாம வேற யார நம்பப்போறேன்?" என்று முனகிக்கொண்டேதான் கற்றுக்கொண்டாள். திருவள்ளூருக்குக் கூட்டிப்போய் அவள் நம்பரையும் மாற்றினேன்.

நேற்று மனுவுக்கு மறுபடி போனோம். போன் சிணுங்கியது. "இன்னா மா வந்துக்கீது? சொல்லு" என்று கை நீட்டினேன். அம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சிம் குடுத்த பொண்ணு சொல்லுச்சி. உனுக்கு எதுக்கு? நானே போட்டுக்கிறேன்."

கவுன்டரில் திருப்பி வைத்த கீபோர்டில் ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினாள். அதற்குள் அங்கே கொடுக்கிற ஒரு நிமிஷம் முடிந்துவிட்டது. மறுபடி வரவழைத்தார்கள், மறுபடியும் முடிந்துவிட்டது. வரிசையில் ஒரு ஆள் உச்சுக் கொட்டினான். நீங்களாவது போடுங்களேன் என்கிற மாதிரி கவுன்டர்ப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். மூன்றாவது தடவை போட்டு முடித்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். முந்தானையால் போனைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாந்தி அக்காவும் மற்றவர்களும் நம்பர் மாற்ற, ஆளுக்கொரு நாள் ரயில் ஏறி நானும் கூடப் போவேன், வெளியே நிற்பேன். அவர்களுக்கு வருகிற ஆறு இலக்கத்தை என் போனில் வாங்கிக்கொள்ள மாட்டேன். உன் பெண்டாட்டி போனில் என்ன வந்தது என்று இனி ஒரு நாளும் கேட்கவும் மாட்டேன். இது சத்தியம் நைனா.

உன்னோடு இன்னும் சண்டை தீராத,
உன் பெரிய மகள் எஸ்தர்