தோளில் பொத்தான் வைத்த சட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். இங்கே நான் நலம், வழக்கத்துக்கு எழுதும் வரி என்று நினைக்காதே, நிஜமாகவே நலம். தையல்கடை மாடிப்படியை நேற்று நடுவில் நிற்காமல் ஏறினேனடி! போன மாதம் அதே படியில் கண் இருட்டி விழுந்தவள்தான் நான். இதயம் மெதுவாகத் துடிக்கிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அழவில்லை. வைத்து முடித்து வீட்டுக்கு வந்த அன்று நீ போனில், போதும்மா, கடையை மூடிட்டு மெஷினை வித்துடு, இங்க வந்துடு என்றாயே, அப்போதுதான் அழுதேன். உன் அப்பாவும் சரி சரி என்று தலையாட்டி, கடைப் பலகையைக் கழற்ற ஏணி வேறு வாங்கி வந்துவிட்டார்.

பயத்தில் அவர் அடித்த கூத்தைக் கேள். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மறந்து தூக்கிவிடுவேனாம், என் அளவு டேப்பாலேயே கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார் மனுஷன்! சட்டை மாட்டுவதுதான் பெரும்பாடு. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்குப் போட்டுக்கொள்ள ஒரு துணி இல்லையா என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். தொளதொளவென்று இருந்த பழைய சட்டை ஒன்றை எடுத்து, இடது தோளில் கழுத்திலிருந்து கை நுனி வரை தையலைப் பிரித்துப் பொத்தான் வைக்கச் சொன்னேன். கால் வழியாக நுழைந்து மேலே இழுத்துத் தோளில் பொத்தானைப் போட்டால் தீர்ந்தது வேலை. நான் சொல்லச் சொல்ல உன் அப்பாதான் தைத்தார். கோணல்மாணல் தையல், பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு நிறம். அந்தச் சட்டையோடுதான் ஆபரேஷன் காயத்தைக் காட்டப் போனோம்.

டேப்பைப் பார்த்ததும் டாக்டர் பிடித்தாரே ஒரு பிடி. தூக்காதீங்கன்னுதானே சொன்னேன், கட்டிப் போடச் சொன்னேனா, இப்படியே விட்டா தோள் இறுகிப்போயிடும் என்றார். அப்பா அவசர அவசரமாக டேப்பை அவிழ்த்தார். காயம் நன்றாக ஆறுகிறது, கருவியும் ஒழுங்காக வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதும், மெஷினில் உட்காரலாமா என்று நேரடியாகவே கேட்டேன். காலால மிதிக்கிறதுதானே, கை தோளுக்குக் கீழயே இருக்கட்டும், களைச்சா எழுந்துடுங்க, தாராளமா தைங்க என்றாரே பார்க்கலாம்! அதற்குள் நர்ஸம்மா என் தோள் பொத்தானைத் தொட்டுப் பார்த்து, எங்க வாங்கினீங்கம்மா, எங்க வார்டுல எல்லாரும் சட்டை மாட்ட அழறாங்க, அவங்களுக்கும் தைச்சுத் தருவீங்களா என்று கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடையைத் திறந்தாயிற்று. அதே ஏணியில் ஏறி உன் அப்பா பலகையைத் துடைத்துவிட்டார். துணி மூட்டையைத் தூக்குவது அவர், மிதிப்பது நான். குண்டூசி பொறுக்கும் காந்தத்தை மட்டும், பேஸ்மேக்கருக்கு ஆகாது என்று, என் பக்கமே வரவிடாமல் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை கண்ணே, தூரத்திலிருந்து கேட்டால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் மெஷினை விற்கும் பேச்சு இதோடு சரி. உன்னிடம் கட்டாயம் வருவேன், திரும்பி வர டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டுதான் வருவேன். இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழுங்கள். உன் அளவை எடுத்து மறக்காமல் அனுப்பு, வயிற்றை எக்கிக்கொண்டு எடுக்காதே.

மெஷினில் உட்கார்ந்தபடி,
உன் அம்மா